ஹெல்சிங்கியில் குடும்பத்தோடு ஒரு நாள்: ஊருக்குப் பாதி, கடலுக்குப் பாதி

ஹெல்சிங்கிக்குப் புதிதாக வேலைக்கு வந்து குடியேறியவர்களும் சரி, கோடை விடுமுறைக்கு அப்பா அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்தவர்களும் சரி, கேட்பது ஒரே கேள்விதான்: குழந்தைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்? பாறையைக் குடைந்து கட்டிய தேவாலயம், சிபேலியஸ் நினைவுச்சின்னம், மிருகக்காட்சிசாலை இருக்கும் தீவு, லின்னன்மாக்கி கேளிக்கைப் பூங்கா என்று எழுத ஆரம்பித்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அத்தனையையும் ஒரு நாளுக்குள் திணிக்காதீர்கள். காலையில் துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரப்பகுதி, மதியத்துக்கு மேல் சுவோமென்லின்னா கோட்டைத் தீவு, தெம்பு மிச்சமிருந்தால் மாலையில் ஓடி நூலகம். அவ்வளவுதான் திட்டம். தீவுக்கும் நூலகத்துக்கும் வழியில் நான் சொல்லும் நகர அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது, தீவுக்குப் போகும் படகும் இந்த ஊரின் சாதாரணப் பொதுப்போக்குவரத்துதான். இந்த நகரத்தில் பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பகுதி பொதுமக்களுக்கென்று திறந்து வைத்தவை, உள்ளூர்க்காரர்கள் எப்படிப் புழங்குகிறார்களோ அப்படியே நாமும் புழங்கினால் போதும், செலவும் குறையும், ஓட்டமும் குறையும்.

சுற்றுலா அட்டை ஒன்றை வாங்கிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தத் திட்டத்துக்கு அது தேவையே இல்லை. கட்டணம் உள்ள அருங்காட்சியகங்கள் நாலைந்து பார்க்கிறவர்களுக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகும்.

முந்தின நாள் இரவே முடிக்க வேண்டியவை

முதலில் டிக்கெட். எச்.எஸ்.எல் என்பது தலைநகர் வட்டாரத்தின் பொதுப்போக்குவரத்து அமைப்பு. டிராம், பஸ், மெட்ரோ, உள்ளூர் ரயில், சுவோமென்லின்னா படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் செல்லும். ஊரை ஏ, பி, சி, டி என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த ஒரு நாளுக்கு ஏபி டிக்கெட் போதும். விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது, ஆகவே நேராக அங்கிருந்து வருகிறவர்கள் ஏபிசி எடுக்க வேண்டும், அங்கிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு ரயிலில் அரை மணி நேரம் ஆகும். எஸ்ப்போ பக்கம் குடியிருப்பவர்கள் தங்கள் நிலையம் பி-யா சி-யா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நகரம் இரண்டு மண்டலத்திலும் பரவிக் கிடக்கிறது.

ஒற்றைப் பயண டிக்கெட் ஏபியில் 80 நிமிடம்தான் செல்லும். தீவில் மூன்று மணி நேரம் இருக்கப் போகிறீர்கள், திரும்பி வரும்போது அது காலாவதியாகியிருக்கும். அதனால் நாள் டிக்கெட் எடுங்கள், அது தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். 7 முதல் 17 வயது வரை சிறுவர் டிக்கெட். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு பெரியவருக்கும் இலவசம்தான், ஆனால் கூட வருகிற மற்றவர்களுக்கு வேண்டும். தாத்தா பாட்டிக்கு மூத்த குடிமக்கள் சலுகை இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள், ஊரைப் பார்க்க வந்தவர்களுக்கு நாள் டிக்கெட்டில் பெரியவர், சிறுவர் என்று இரண்டு வகைதான்.

டிக்கெட்டை எச்.எஸ்.எல் ஆப்பில் வாங்குவது சுலபம். டிரைவரிடம் கேட்டால் கிடைக்காது, ஏறுவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். திடீரென்று பரிசோதகர்கள் ஏறுவார்கள், டிக்கெட் இல்லையென்றால் அபராதம் கனமாகவே இருக்கும், ஊருக்குப் புதுசு என்று சொன்னால் விடமாட்டார்கள். ஃபோனில் சார்ஜ் தீர்ந்தாலும் டிக்கெட் இல்லாத கணக்குதான், ஒரு பவர் பேங்க் பையில் இருக்கட்டும். அப்பா அம்மாவிடம் ஆப் இல்லையென்றால் ரயில் நிலையத்திலோ படகுத்துறையிலோ இருக்கும் இயந்திரத்தில் அவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவது நல்லது, கூட்டத்தில் பிரிந்துவிட்டாலும் அவர்கள் தனியே ஏறி வரலாம்.

அடுத்தது உடை. ஜூலை மாதத்திலேயே பகல் வெப்பம் இருபது இருபத்திரண்டு டிகிரிதான் இருக்கும், அதுவும் வெயில் அடித்தால். படகின் மேல்தளத்திலும் தீவின் தென்கோடியிலும் காற்று அடிக்கும் அடியில் அது இன்னும் குறைவாகத் தெரியும். வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றின் வேகத்தையும் பாருங்கள். எல்லோருக்கும் காற்று புகாத ஒரு ஜெர்கின், உள்ளே மெல்லிய ஸ்வெட்டர். பெரியவர்களுக்குக் காதை மூடும் குல்லா. பாட்டி புடவைதான் கட்டுவேன் என்றால் தாராளமாகக் கட்டட்டும், உள்ளே தெர்மல் பேன்ட் ஒன்று, காலுக்கு சாக்ஸும் ஷூவும். செருப்பு மட்டும் வேண்டாம், தீவில் கருங்கல் பாவிய மேடு பள்ளமான பாதை, விரல் இடித்துக்கொள்ளும், கணுக்கால் பிசகும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நான் எப்போதும் சொல்வது, மதியச் சாப்பாட்டை ஊருக்குள் சாப்பிடுங்கள், சாயங்காலத்துக்கு மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தீவுப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட வசதி. தண்ணீர் பாட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் பாய்யான்னே ஏரியிலிருந்து 120 கிலோமீட்டர் நீளப் பாறைச் சுரங்கம் வழியாக வருகிறது, அப்படியே குடிக்கலாம், ஓட்டலிலும் கேட்டால் கொடுப்பார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் குழாய்த் தண்ணீரா என்று தயங்குவார்கள், முதல் நாளே சொல்லி நம்ப வைத்துவிடுங்கள்.

காலை: ரயில் நிலையத்திலிருந்து வெள்ளைத் தேவாலயம் வரை

காலை பத்து மணிக்கு மத்திய ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். அவசரமாக வெளியேறி நடந்துவிடாமல் முகப்பை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வாசலுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நான்கு பெரிய கருங்கல் மனிதர்கள், ஆளுக்கொரு உருண்டை விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். எலியேல் சாரினென் வடிவமைத்த நிலையம், 1919-இல் முடிந்தது. குழந்தைகளுக்கு அந்த நான்கு பேரையும் நிச்சயம் பிடிக்கும்.

அங்கிருந்து செனட் சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை. நடக்க முடியாதவர்கள் டிராமில் ஏறலாம், தாழ்தள டிராம்களில் தள்ளுவண்டியை அப்படியே ஏற்றிவிடலாம். ஒரு விஷயம், தெருப் பலகையிலும் டிராம் நிறுத்தத்திலும் பெயர் இரண்டு மொழியில் இருக்கும், ஃபின்னிஷ் ஒன்று, ஸ்வீடிஷ் ஒன்று. இரண்டும் வெவ்வேறு இடம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் கேட்டால் அநேகமாக எல்லோருமே பதில் சொல்வார்கள்.

சதுக்கத்தில் இறங்கியதும் படிகளுக்கு மேலே அந்த வெள்ளைத் தேவாலயம் தெரியும். இந்த ஊரை 1550-இல் ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் வாசா ஏற்படுத்தினார், ஆனால் வெகுகாலம் இது சின்ன ஊர்தான். 1809-இல் ஃபின்லாந்து ரஷ்யப் பேரரசின் கைக்குப் போனது, 1812-இல் தலைநகரைத் துர்க்குவிலிருந்து இங்கே மாற்றினார்கள், அதற்காகவே இந்தச் சதுக்கத்தையும் சுற்றியுள்ள கட்டடங்களையும் கார்ல் லுட்விக் எங்கெல் என்ற கட்டடக் கலைஞர் திட்டமிட்டார். தேவாலயம் முடிந்தது 1852-இல், அதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். நடுவில் நிற்கும் சிலை ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர். சுதந்திர நாடாகி நூறாண்டு கடந்த பிறகும் அந்தச் சிலையை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், அப்பா மாதிரி ஆட்களுக்கு அது நல்ல பேச்சுக்கு இடம் கொடுக்கும்.

படிகள் செங்குத்து. பாட்டிக்கு முழங்கால் வலி இருந்தால் மேலே ஏற்ற வேண்டாம், கீழிருந்து பார்த்தாலே கூரையில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு சீடர்களின் சிலையும் தெரியும். உள்ளே அலங்காரம் குறைவு, வெறும் வெள்ளைச் சுவரும் அமைதியும்தான். கட்டணம் கேட்கிற நாளாக இருந்தால் வெளியிலிருந்து பார்ப்பதே போதும் என்பது என் கருத்து.

பதினொரு மணி வாக்கில் சதுக்கத்தை ஒட்டியே இருக்கும் ஹெல்சிங்கி நகர அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இங்கே யாருக்கும் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, பழைய காலத்து வகுப்பறை, பாட்டி வீடு என்று தொட்டு விளையாடும்படி அமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் தொடாதே என்று சொல்லும் இடம் இல்லை. பிள்ளைகள் இங்கே ஒரு மணி நேரம் தாராளமாக இருப்பார்கள், பெரியவர்கள் உட்காரலாம், கழிப்பறையும் உண்டு. மழை வந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்துவிடுங்கள்.

கழிப்பறை பற்றி ஒரு வார்த்தை, ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு இதுதான் பெரிய கவலை. ஃபின்லாந்தில் வீடுகளிலும் ஓட்டல்களிலும் பெரும்பாலான கட்டடங்களிலும் கழிப்பறைக்குள் கை ஷவர் இருக்கும், ஐரோப்பாவின் மற்ற பல நாடுகளில் இந்த வசதி கிடைக்காது. தெருவில் நகராட்சி வைத்திருக்கும் தானியங்கிக் கழிப்பறைகள் இலவசம்தான், ஆனால் அவற்றில் கை ஷவரை எதிர்பார்க்க முடியாது. அதனால் உள்ளே இருக்கும்போதே எல்லோரையும் போய்வரச் சொல்லிவிடுங்கள்.

மதியம்: சாப்பாடும் சந்தையும்

வார நாளாக இருந்தால் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் ஓட்டல்களில் 'லௌனஸ்' என்று பலகை வைத்திருப்பார்கள். மதியச் சாப்பாடு, பெரும்பாலும் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே. சாலட், ரொட்டி, காப்பி எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிடும், அதே ஓட்டலில் இரவு ஒரு தட்டுக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைவு. நம் ஆட்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால் ஹெல்சிங்கி முழுக்க நேபாள உணவகங்கள் நிறைய இருக்கின்றன, மதிய பஃபேயில் சோறும் பருப்பும் காய்கறிக் குழம்பும் கிடைக்கும். காரம் உங்களுக்குக் குறைவாகத் தெரியும், குழந்தைகளுக்குச் சரியாக இருக்கும். பெரியவர்கள் சோறு சாப்பிட்டுவிட்டால் சாயங்காலம் வரை தெம்பாக இருப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டியலில் 'கஸ்விஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள், காய்கறி உணவு என்று அர்த்தம், அதில் முட்டையும் பாலும் இருக்கலாம். முட்டையும் வேண்டாமென்றால் வீகன் என்று கேட்டுவிடுவது நல்லது. வியாழக்கிழமை பட்டாணி சூப் போடுவது இங்கே வழக்கம், பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், வழக்கமான பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். பேக்கரியில் கரேலியப் பை என்று நீள்வட்டமாக ஒன்று இருக்கும், ரை என்ற தானியத்தின் மாவில் மெல்லிய ஓடு, உள்ளே பாலில் குழைய வேகவைத்த அரிசி. மேலே வெண்ணெயில் மசித்த முட்டையைத் தடவித் தருவார்கள், வேண்டாமென்றால் தடவாமலும் கிடைக்கும். குழந்தைக்குக் கையில் கொடுக்க அருமையான பண்டம்.

சாப்பாடு முடிந்து சதுக்கத்திலிருந்து கடல் பக்கம் இரண்டு நிமிடம் இறங்கினால் கௌப்பதோரி, துறைமுகச் சந்தை. ஆரஞ்சுக் கூடாரங்களில் சால்மன் வறுவலும் 'முய்க்கு' என்ற சின்ன மீன் பொரியலும் மணக்கும். முய்க்குவை ரை மாவில் புரட்டிப் பொரித்து முள்ளோடு முழுதாகச் சாப்பிடுவார்கள், மீன் பிடிக்கும் வீடாக இருந்தால் ஒரு தட்டு வாங்கி எல்லோரும் ருசி பாருங்கள். முழுச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. குளிர்கிறது என்றால் பக்கத்திலேயே 1889-இல் கட்டிய பழைய சந்தை மண்டபம் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து சால்மன் சூப் குடிக்கலாம், பாலேடும் உருளைக்கிழங்கும் சோயிக்கீரை வாசனையுமாக இருக்கும்.

ஆனால் கோடையில் இந்தச் சந்தைக்கு நான் எல்லோரையும் அழைத்துப் போவது பட்டாணிக்காகத்தான். பச்சைப் பட்டாணியைத் தோலோடு குவித்து வைத்து லிட்டர் கணக்கில் அளந்து விற்பார்கள், எடை போடுவதில்லை, நம் ஊரில் படியால் அளந்து போடுகிற மாதிரியேதான். ஒரு லிட்டர் வாங்கினால் காகிதப் பை நிறையக் கொடுப்பார்கள். சமைக்கத் தேவையில்லை, தோலை உரித்துப் பச்சையாகவே தின்பதுதான் இங்கத்திய பழக்கம். நல்ல காய் நகத்தால் கீறினாலே டப்பென்று பிளந்து கொடுக்கும், உள்ளே ஏழெட்டு மணி, கடித்தால் இனிப்பு. பையைப் பாட்டியின் மடியில் வைத்துவிட்டால் பாட்டி உரிக்க உரிக்கப் பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பார்கள், படகில் போகும் நேரம் முழுதும் யாரும் சத்தம் போட மாட்டார்கள். ஜூன் கடைசியிலிருந்து ஸ்ட்ராபெர்ரியும் அப்புறம் புளூபெர்ரியும் இதேபோல லிட்டர் அளவில் கிடைக்கும். கடைகளில் கார்டு வாங்கிக்கொள்வார்கள்.

கடற்காகங்களை மட்டும் கவனியுங்கள். அவை பெரியவை, பயமில்லாதவை, பின்னாலிருந்து வந்து கையிலிருக்கும் ஐஸ்கிரீமையோ மீன் துண்டையோ கொத்திக்கொண்டு போய்விடும், அடி பலமாகப் படாவிட்டாலும் சின்னக் குழந்தை மிரண்டுபோகும். குழந்தையை நடுவில் விட்டு, கூடாரத்தின் கூரைக்குக் கீழே வைத்துச் சாப்பிடக் கொடுங்கள், திறந்த வெளியில் கையில் ஏந்திக்கொண்டு நடக்க வேண்டாம்.

படகு ஏறுவது

சந்தையின் கிழக்கு ஓரத்தில், குடியரசுத் தலைவர் மாளிகைக்கு எதிரே எச்.எஸ்.எல் படகுத்துறை. கோடையில் அங்கேயே தனியார் படகுகளும் நிற்கும், அழகாகப் பலகை வைத்துக் கூப்பிடுவார்கள், உங்கள் நாள் டிக்கெட் அவற்றில் செல்லாது. சுவோமென்லின்னா என்று போட்ட எச்.எஸ்.எல் படகா என்று பார்த்து ஏறுங்கள். கோடைப் பகலில் ஒன்றை விட்டால் அடுத்தது சீக்கிரமே வந்துவிடும், முண்டியடிக்க வேண்டாம். பயணம் கால் மணி நேரம். உள்ளே சூடான அறையும் இருக்கிறது, பெரியவர்களை அங்கே ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளோடு மேல்தளத்துக்குப் போங்கள், கிளம்பியதும் திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் தேவாலயமும், வலப்பக்கம் சிவப்புச் செங்கல்லில் கட்டிய உஸ்பென்ஸ்கி தேவாலயமும் சேர்ந்து தெரியும். இந்த ஊரின் சிறந்த காட்சி இதுதான் என்பேன்.

கூட வருகிறவர்களில் சிலர் கையில் மளிகைப் பையோடு நிற்பார்கள். தீவில் சுமார் 800 பேர் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள், அவர்கள் வேலைக்கும் கடைக்கும் போய்வருவது இதே படகில்தான். அதனால் தீவில் நடக்கும்போது வீட்டுத் தோட்டம், முற்றம் என்று தெரிந்தால் உள்ளே நுழைந்து படம் எடுக்காதீர்கள், அது யாரோ குடியிருக்கும் வீடு.

தீவில்: நீல வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

துறையில் இறங்கியதும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு நீளமான படைவீட்டுக் கட்டடம், அதன் வளைவுக்குள் புகுந்துதான் தீவுக்குள் போக வேண்டும். வரைபடம் ஒன்றை அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். நீல நிறத்தில் குறித்த பாதை முக்கியமான இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு தென்கோடியிலிருக்கும் அரசர் வாயில் வரை போகிறது, ஒரு பக்கத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். கேட்கக் குறைவு, ஆனால் கருங்கல்லும் ஏற்றமும் சேர்ந்து இரண்டு மடங்காகத் தெரியும். சின்னச் சக்கரம் வைத்த மடக்கு வண்டி தடுக்கும், பெரிய சக்கர வண்டி அல்லது குழந்தையை முதுகில் கட்டும் பைதான் சௌகரியம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வழியில் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும். ரஷ்யாவுக்குப் பயந்து 1748-இல் ஸ்வீடன் இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கியது, பொறுப்பேற்றவர் அகுஸ்தின் ஏரன்ஸ்வார்ட். 1808-இல் ரஷ்யப் படை முற்றுகையிட்டபோது கோட்டை சரணடைந்தது, அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் ரஷ்யர் கையில் இருந்தது. ஃபின்லாந்து சுதந்திரமடைந்த பிறகு 1918-இல்தான் இப்போதைய பெயர் வந்தது. 1991 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஆக மூன்று நாட்டுப் படைகள் மாறி மாறி இருந்த கோட்டை இது, ஸ்வீடன் கட்டிய சுவருக்கு மேலே ரஷ்யா வைத்த பீரங்கியைப் பார்க்கலாம்.

முதலில் வருவது தேவாலயம். ரஷ்யப் படைவீரர்களுக்காகக் கட்டிய ஆர்த்தடாக்ஸ் கோயிலைப் பிற்பாடு லூதரன் தேவாலயமாக மாற்றியிருக்கிறார்கள், அதன் கோபுரத்தில் இன்றும் கலங்கரை விளக்கு எரிகிறது. வேலிக்குத் தூணாகப் பழைய பீரங்கிகளை நட்டு நடுவில் சங்கிலி கட்டியிருக்கிறார்கள், அதைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாலம் தாண்டினால் பெரிய முற்றம், நடுவில் ஏரன்ஸ்வார்டின் கல்லறை. அதையடுத்து உலர் கப்பல்துறை, தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே மரக்கப்பல்களைப் பழுது பார்ப்பார்கள், மேலிருந்து எட்டிப் பார்க்கலாம்.

நடக்கத் தயங்கும் பெரியவர்களுக்கு இதுவரை வந்தால் போதும். பக்கத்தில் பைப்பர் பூங்கா இருக்கிறது, குளமும் மரநிழலும் கோடையில் ஒரு சிற்றுண்டிச்சாலையும் உண்டு. அவர்களை இங்கே உட்கார வைத்து ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் முன்னே போகலாம். யாராவது ஒருவர் கூட இருக்கட்டும், ஃபோனில் சிக்னல் இருந்தாலும் பெரியவர்களைத் தனியே விட்டால் நமக்குத்தான் மனம் நிலைகொள்ளாது.

கரையோரமாகப் போனால் வெசிக்கோ என்ற நீர்மூழ்கிக் கப்பல் தரையில் நிற்கும். 1930-களில் துர்க்குவில் கட்டியது, இரண்டாம் உலகப் போரில் ஓடியது. கோடையில் மட்டும் திறப்பார்கள், உள்ளே போகக் கட்டணம் உண்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்பேன். இடுக்கமான அந்த உள்ளறைக்குள் இருபது பேர் எப்படிப் படுத்து எழுந்தார்கள் என்று பிள்ளைகள் தாமே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெளியிலேயே நில்லுங்கள்.

அதற்கு அப்புறம் குஸ்தான்மியெக்கா, தீவின் தென்பகுதி. புல் மூடிய மண் அரண்கள், கடலைப் பார்த்த பீரங்கிகள், இருட்டுச் சுரங்கப் பாதைகள். சுரங்கத்துக்குள் விளக்கு இல்லை, தரை மேடு பள்ளம், சில இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும், ஃபோன் விளக்கை நம்பாமல் ஒரு டார்ச் கொண்டு போங்கள். அரண்களின் விளிம்பில் கைப்பிடி கிடையாது, பார்க்கப் புல்மேடுபோல் இருக்கும், அந்தப் பக்கம் நேராகக் கீழே இறங்கும். இங்கே மட்டும் குழந்தையின் கையை விடவே விடாதீர்கள். நீளப் புல்லுக்குள் உண்ணி இருக்கும், பாதையை விட்டு இறங்கினால் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், இரவு குளிக்க வைக்கும்போது முழங்கால் மடிப்பையும் காதின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். மேயும் வாத்துக் கூட்டத்தில் குஞ்சுகள் இருந்தால் கிட்டே போக வேண்டாம், தாய் வாத்து சீறிக்கொண்டு வரும். புல்லில் உட்காருமுன் எச்சம் பார்த்து விரிப்பைப் போடுங்கள்.

நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டு ஐந்து மணிக்கு முன்னால் அரசர் வாயில் பக்கம் மேட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்ஹோமுக்குப் போகும் பெரிய பயணிகள் கப்பல்கள் மாலை ஐந்து மணியை ஒட்டித்தான் துறைமுகத்திலிருந்து கிளம்பும், கிளம்பி இந்தக் குறுகிய கால்வாய் வழியாகத்தான் வெளிக்கடலுக்குப் போக வேண்டும். முதலில் கோட்டைச் சுவருக்கு மேலே புகைபோக்கி மட்டும் நகர்வது தெரியும். அப்புறம் பத்து மாடிக் கட்டடம் ஒன்று சத்தமே இல்லாமல் நம் முன்னால் நழுவிப் போகும், மேல்தளத்தில் நிற்கிறவர்களின் முகம் தெரிகிற அளவு பக்கம். பிள்ளைகள் கை அசைப்பார்கள், அங்கிருந்தும் அசைப்பார்கள். கப்பல் போன பின் கரைத் தண்ணீர் பின்வாங்கித் திரும்ப வந்து பாறையில் மோதும், அந்த நேரத்தில் நீரோரப் பாறையில் யாரும் நிற்க வேண்டாம். இதைப் பார்ப்பதற்காகத்தான் காலையில் ஊரையும் மதியம் தீவையும் வைக்கச் சொன்னேன்.

மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், அல்லது மாலையில் சீக்கிரம் சோர்ந்துவிடும் பெரியவர் இருந்தால், தயங்காமல் வரிசையை மாற்றுங்கள். காலை ஒன்பதரைப் படகில் கூட்டமும் இருக்காது, இரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம். கப்பலை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மாலை: ஓடி நூலகம்

ஆறு மணிக்குப் படகிறங்கினால் கோடையில் வெளிச்சம் இன்னும் நடுப்பகல் போலவே இருக்கும், ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பதினொன்று நெருங்கிவிடும். வெளிச்சத்தை நம்பிக் குழந்தைகளின் தூக்க நேரத்தை விட்டுவிடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். தெம்பிருந்தால் டிராமில் மத்திய ரயில் நிலையத்துக்கு வந்து, அதன் பின்பக்கம் நாடாளுமன்றத்துக்கு எதிரே இருக்கும் ஓடி நூலகத்துக்குப் போங்கள். சுதந்திர நூற்றாண்டுக்காக நாடு மக்களுக்குக் கொடுத்த பரிசு இது, 2018 டிசம்பரில் திறந்தார்கள். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், நேராக உள்ளே போகலாம். மூன்றாம் மாடிதான் நம் இடம். அலைபோல் வளைந்த வெள்ளைக் கூரை, உள்ளேயே வளரும் மரங்கள், குழந்தைகளுக்கான பகுதியில் தரையில் உருண்டு படிக்கலாம். பல மொழிகளில் படப் புத்தகங்கள் இருக்கின்றன. பால்கனிக் கதவு திறந்திருந்தால் வெளியே போய் நாடாளுமன்றப் படிகளைப் பாருங்கள். இரண்டாம் மாடியில் தையல் இயந்திரமும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் பொதுமக்களின் உபயோகத்துக்கு வைத்திருக்கிறார்கள், பாட்டி தையல் தெரிந்தவராக இருந்தால் அங்கே சற்று நேரம் நின்றுவிடுவார். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நான் கூடுதலாகச் சொல்வது, அன்றைக்கே நூலக அட்டைக்கு விசாரித்துவிடுங்கள், அந்த அட்டை ஊரிலுள்ள எல்லா நூலகத்துக்கும் செல்லும், மழைக்கால வாரக்கடைசிகளுக்கு அதுதான் கைகொடுக்கும்.

குடித்த பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் குப்பையில் போடாமல் சேர்த்து வையுங்கள். வாங்கும்போதே வைப்புத்தொகை வாங்கியிருப்பார்கள், டின்னுக்கு 15 சென்ட், அரை லிட்டர் பாட்டிலுக்கு 20 சென்ட். சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் பிள்ளைகளையே ஒவ்வொன்றாகப் போடச் சொன்னால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்துக் காசாகவோ பொருளாகவோ மாற்றலாம்.

நாள் சரியில்லையென்றால்

ஜூன் கடைசியில் வரும் யுஹான்னுஸ் என்ற நடுக்கோடை விழாவில் ஊரே காலியாகி ஏரிக்கரை வீடுகளுக்குப் போய்விடும். கடைகளும் ஓட்டல்களும் பல மூடியிருக்கும். அந்த வெள்ளி, சனிக்கு இந்தத் திட்டத்தை வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று வேளைச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மழை நாளில் தீவை ஒதுக்கிவிட்டு நகர அருங்காட்சியகம், சந்தை மண்டபம், ஓடி என்று மாற்றினால் நாள் வீணாகாது.

குளிர்காலத்திலும் படகு ஓடும், பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும் சத்தமே பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கை. டிசம்பரில் ஒன்பதரைக்குப் பக்கம் விடிந்து மூன்றே காலுக்கெல்லாம் இருட்டிவிடும், ஆகவே அப்போது பத்து மணிக்கே தீவுக்குப் போய் ஒன்றரைக்குள் திரும்பிவிட வேண்டும். நீர்மூழ்கி மூடியிருக்கும், தென்கோடி வரை போக வேண்டாம், முற்றத்தோடு திரும்புங்கள். இருட்டில் நடக்கும்போது எல்லோர் உடையிலும் ஒளியைத் திருப்பி அடிக்கும் சின்னப் பட்டை தொங்க வேண்டும் என்பது இந்த நாட்டு விதி, எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டையும் காலணிக் கடைகளில் விற்கிறார்கள். கருங்கல் பாதையில் பனி உறைந்தால் கண்ணாடியாகிவிடும், அதனால் அப்பா அம்மாவுக்கு ஆளுக்கொரு ஜோடி வாங்கி, வீட்டு வாசலிலேயே மாட்டி நடந்து பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் படகுக்கு அழைத்துப் போங்கள்.